மாடிக்கு மாடி ஒரு தட்டு

வானம் பார்த்த பூமி என்று நம் நாட்டில் ஒரு வழக்கு உண்டு. ஏரியும் கால்வாயும் எட்டாமல், மழை ஒன்றையே நம்பிக் கிடக்கும் நிலத்துக்கு அந்தப் பெயர். இந்தக் காலத்தில் நிலத்தைவிட வீடுகள்தாம் அதிகமாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஓட்டு வீடானாலும் சரி, மெத்தை வீடானாலும் சரி, இரண்டடி அகலமுள்ள ஒரு தட்டு மேலே நிமிர்ந்து நிற்கிறது. டிஷ் என்ற ஆங்கிலப் பெயரைக் குழந்தை முதல் கிழவி வரை எல்லோரும் தமிழ்ப் பெயரைப் போலவே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

திருவள்ளூரிலிருந்து திருத்தணிக்குப் போகும் வழியில் இருக்கிறது கனகம்மாசத்திரம். சென்னையிலிருந்து திருப்பதி போகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சாலை அது. திருத்தணியைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் நகரி, அது ஆந்திரம். ஆகவே இந்த வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசுகின்றன. இத்தகைய எல்லைப்புற ஊருக்கு டிஷ் எதைக் கொண்டுவந்தது, எதைக் கொண்டுவரவில்லை, இனி என்ன செய்யவேண்டும் என்பதை இந்த ஞாயிற்றுக்கிழமை சற்று யோசித்துப் பார்ப்போம்.

அக்கினி மூலையில் ஒரு கோள்

முதலில் இந்தத் தட்டு எங்கே பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், செயற்கைக் கோள்கள் சுற்றுகின்றன. பூமி ஒரு முறை தன்னைத்தானே சுற்ற எவ்வளவு நேரம் ஆகிறதோ, அவ்வளவு நேரத்தில் அவையும் ஒரு சுற்றுச் சுற்றி முடிக்கின்றன. அதனால் கீழேயிருந்து பார்க்கிறவனுக்கு அவை அசையாமல் ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். தட்டை ஒரு முறை சரியாகத் திருப்பி முடுக்கிவிட்டால் போதும். பிறகு அதைத் தொடவேண்டிய அவசியமில்லை.

தூர்தர்ஷனின் இலவச டிஷ் ஒளிபரப்பைச் சுமக்கும் நம் நாட்டுக் கோள் கிழக்கே 93.5 டிகிரி தீர்க்கரேகையில் நிற்கிறது. கனகம்மாசத்திரத்திலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தால் அது கிட்டத்தட்ட நேர் தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து 68 டிகிரி உயரத்தில் இருக்கிறது. நம் பெரியவர்கள் சொல்லும் அக்கினி மூலைதான் அது. ஆனால் தட்டைப் பார்த்தால் அவ்வளவு உயரத்தை அது நோக்குவதாகவே தெரியாது. கிண்ணத்தின் நடுப்பகுதியை விட்டு ஓரத்துத் துண்டை மட்டும் வெட்டி எடுத்ததுபோல் அதைச் செய்திருக்கிறார்கள். ஆகையால் அது பார்க்கும் திசை ஒன்று, பார்ப்பதுபோல் தோன்றும் திசை ஒன்று. மனிதர்களிலும் அப்படிச் சிலர் உண்டு.

அவ்வளவு தூரத்திலிருந்து வரும் அலை மிகவும் பலவீனமானது. தட்டின் வளைவு அதைத் திரட்டி, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு மூக்கில் சேர்க்கிறது. மூக்கு அதைப் பெருக்கி, கம்பியில் போகத்தக்க அலையாக மாற்றி, வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்கு அனுப்புகிறது. பெட்டி அதைப் படமாகவும் பேச்சாகவும் பிரித்துத் தருகிறது. நிலையத்திலிருந்து மேலே ஏறி, மறுபடி கீழே இறங்கி நம் வீட்டை அடைய அந்த அலைக்கு ஆகும் நேரம் கால் நொடிதான்.

கோழிக்கூண்டுக் கம்பியில் வந்த படம்

இந்த யோசனையை உலகத்துக்கு விளக்கிச் சொன்னவர் ஆர்தர் கிளார்க் என்னும் ஆங்கில எழுத்தாளர். 1945 அக்டோபரில் ‘ஒயர்லெஸ் வேர்ல்டு’ என்ற பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரையில், பூமிக்கு மேலே அசையாமல் நிற்கும் கோள்கள் மூலம் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று காட்டினார். பிற்பாடு அவர் இலங்கையில் குடியேறினார். 1975-ல் நம் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் இஞ்சினீயர்கள் கொழும்புக்குப் போய் அவர் வீட்டிலேயே ஒரு தட்டை நிறுவிக்கொடுத்தார்கள். அப்போது இலங்கையில் டெலிவிஷன் நிலையமே கிடையாது, 1979-ல்தான் வந்தது. ஒரு தனி மனிதர் தம் வீட்டில் தட்டு வைத்துக் கோளிலிருந்து நேரே படம் பார்த்தது நம் அண்டை வீட்டில், நம்மவர்கள் கையால் நடந்த காரியம் என்பதில் நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக் கொள்ளலாம்.

அவர் பார்த்தது என்ன படம்? நம் நாட்டுக் கிராமவாசிகளுக்காக ஒளிபரப்பான படம். விக்ரம் சாராபாய் காலத்தில், 1969-ல், அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளப்பட்டது. அதன்படி 1975 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து ஒரு வருஷ காலம் ஏ.டி.எஸ்.-6 என்ற அமெரிக்கக் கோளை இந்தியா உபயோகித்துக்கொண்டது. 6 ராஜ்யங்களில் 2,400 கிராமங்களுக்கு டெலிவிஷன் பெட்டிகளைக் கொடுத்தார்கள். அவற்றோடு 10 அடி அகலத் தட்டுகளையும் கொடுத்தார்கள். தட்டு என்றால் வெள்ளித் தட்டல்ல. கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பி வலையை வளைத்துச் செய்தது. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாடம். மாலையில் பெரியவர்களுக்கு விவசாயம், சுகாதாரம், குடும்ப நலம், கூடவே ஆடல் பாடல்.

அந்த ஆறு ராஜ்யங்களில் ஆந்திரம் உண்டு, தமிழ்நாடு இல்லை. ஹிந்தி, தெலுங்கு, கன்னடம், ஒரியா ஆகிய மொழிகளில் நிகழ்ச்சிகள் வந்தன, தமிழில் இல்லை. ஆனால் அதே 1975 ஆகஸ்டு 15-ந் தேதி சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் ஆரம்பமாயிற்று. அதன் அலை கோபுரத்திலிருந்து நேராகத் தரையோடு வருவது. தூரம் கூடக் கூடப் படம் மங்கும். வெளியூர்களில் உயர்ந்த கழியின் உச்சியில் மீன் முள்ளைப் போன்ற ஆன்டெனாவைக் கட்டி, சென்னை இருக்கும் திசையில் திருப்பி வைத்தார்கள். காற்றடித்தால் ஒருவர் மாடியேறித் திருப்புவார். கீழேயிருந்து இன்னொருவர், "வந்துட்டுது, அப்படியே விடு!" என்று கத்துவார். அந்தத் தலைமுறையினர் இதை மறந்திருக்க மாட்டார்கள்.

தடையும் திறப்பும்

1983-ல் இன்சாட்-1பி விண்ணில் ஏறியது. சிறு சிறு ஊர்களுக்கும் தூர்தர்ஷன் நீண்டது. 1991-ல் ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் டி.வி. வந்தது. 1992-ல் ஜீ டி.வி.யும், 1993 ஏப்ரல் 14-ந் தேதி சன் டி.வி.யும் வந்தன. அந்தக் காலத்துத் தட்டுகள் எட்டடி, பத்தடி, பன்னிரண்டடி அகலம். அவற்றைத் தனிக் குடித்தனக்காரர் வாங்கி வைக்க முடியாது. கேபிள்காரர் ஒருவர் தம் மாடியில் வைத்து, கம்பத்துக்குக் கம்பம் கம்பி இழுத்து, வீட்டுக்கு இவ்வளவு என்று மாதம் வசூலித்தார். கம்பி போன தெருவுக்குப் படம் உண்டு. ஊர்க் கோடிக்கும் தோப்பு வீட்டுக்கும் இல்லை.

சிறிய தட்டில் நேரே வீட்டுக்கு ஒளிபரப்பும் முறை அப்போதே உலகில் இருந்தது. ஆனால் 1997 ஜூலையில் மத்திய சர்க்கார் ஓர் உத்தரவின் மூலம் அதற்குத் தடை விதித்தது. 2000 நவம்பரில்தான் தடை நீங்கியது. 2003-ல் டிஷ் டி.வி. தொடங்கிற்று. 2004 டிசம்பரில் பிரசார் பாரதியின் இலவசச் சேவை வந்தது. 2006-ல் டாட்டா ஸ்கை, 2007-08-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சன் டைரக்ட் என்று வரிசையாக வந்தன. அதே 2006-ல் தமிழக சர்க்கார் இலவசக் கலர் டெலிவிஷன் கொடுக்க ஆரம்பித்தது. பெட்டி வந்தபின் படம் வேண்டாமா? கம்பி எட்டாத வீடுகளில் தட்டு முளைத்தது. 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்ததும், கம்பி போன தெருக்களில் அது பரவியது. தட்டும் கம்பியும் இன்றைக்கும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கின்றன.

கோடு தரையில்தான்

திருத்தணி வட்டாரத்துக்கு எல்லை என்பது வெறும் பூகோளப் பாடம் அல்ல. மொழிவாரி ராஜ்யங்கள் பிரிந்தபோது இந்தப் பகுதி ஆந்திரத்தில் இருந்தது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைக் கிளர்ச்சியும், படாஸ்கர் தீர்ப்பும், பார்லிமெண்டு இயற்றிய சட்டமும் சேர்ந்து, 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணியைத் தமிழகத்தோடு இணைத்தன. அதற்காகச் சிறை சென்றவர்களும் உயிர் நீத்தவர்களும் உண்டு.

அப்படிப் போராடிப் பெற்ற கோடு தரையில்தான் ஓடுகிறது. ஆகாயத்தில் அதற்கு வேலையில்லை. கோளிலிருந்து விழும் அலை கனகம்மாசத்திரத்தில் எப்படி விழுகிறதோ, அப்படியேதான் நகரியிலும் புத்தூரிலும் விழுகிறது. வீட்டில் தெலுங்கு பேசி, பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் இந்தப் பக்கம் உண்டு. அந்தப் பக்கத்தில் தமிழ் பேசும் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கெல்லாம் தாய்மொழியில் ஒரு செய்தியும் ஒரு பாட்டும் வீடு தேடி வருவது சிறிய நன்மையல்ல. இரண்டு மொழியும் தெரிந்தவன் இரண்டு ராஜ்யத்துச் செய்தியையும் கேட்டு, எது மெய், எது மிகை என்று தானே எடைபோடலாம். தட்டு செய்த உபகாரங்களில் இதையே முதலாவதாகச் சொல்வோம்.

வரம் கொடுத்தது யார், வசூலிப்பது யார்?

இனிக் குறைகளுக்கு வருவோம். 1995 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்பு அளித்தது. கிரிக்கெட் பந்தய ஒளிபரப்புப் பற்றிய வழக்கு அது. வானலைகள் பொதுச் சொத்து. பொதுஜன நன்மைக்காகவே அவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்று நீதிபதிகள் கூறினார்கள். பொதுச் சொத்தானால் ஏழையும் அதில் பங்காளி அல்லவா? மாதக் கட்டணம் தீர்ந்த மறுநாள் பெட்டியில் படம் நின்றுவிடுகிறது. அலை என்னவோ அதே மாடியில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. பூட்டு பெட்டிக்குள்ளே இருக்கிறது. கடவுள் வரம் கொடுத்தாலும் பூசாரி விடவேண்டுமே!

கம்பெனிகள் பணம் கேட்பது தவறு என்று நாம் சொல்லவில்லை. நிகழ்ச்சி தயாரிக்கவும் கோளை வாடகைக்கு எடுக்கவும் செலவு உண்டு. 2019 முதல் டிராய் என்ற ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, வேண்டிய சானலை மட்டும் பொறுக்கியெடுத்துப் பணம் கட்டும் உரிமையும் நமக்கு இருக்கிறது. ஆனால் பட்டியலைப் படித்துப் பொறுக்கத் தெரியாத பாட்டிக்கு, கடைக்காரர் எந்தக் கட்டைத் தள்ளுகிறாரோ அதுதான் கிடைக்கிறது.

பெட்டி விஷயம் இன்னொன்று. ஒரு கம்பெனியை விட்டு வேறு கம்பெனிக்குப் போனால் பழைய பெட்டி உதவாது. புதிதாக வாங்க வேண்டும். டெலிபோன் கம்பெனியை மாற்றினால் கைப்பேசியைத் தூக்கி எறிகிறோமா? எந்தப் பெட்டியும் எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும்படி இருக்கவேண்டும் என்று டிராய் 2020 ஏப்ரலிலேயே சிபாரிசு செய்தது. சிபாரிசு காகிதத்தில் இருக்கிறது. உபயோகமற்ற பெட்டிகள் பரணில் இருக்கின்றன. துருப்பிடித்த தட்டுகள் மாடியில் இருக்கின்றன.

இலவச வழியைப் பார்ப்போம். தூர்தர்ஷனின் இலவச டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் இல்லை. தட்டுக்கும் பெட்டிக்குமாக ஒரே தடவை ஓர் இரண்டாயிரம் ரூபாய் அளவில் செலவழித்தால் போதும். நாடு முழுவதும் நான்கு கோடிக்கும் அதிகமான வீடுகளில் இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். மிகவும் பாராட்டவேண்டிய ஏற்பாடு. ஆனால் அதில் தனியார் சானல்களுக்கான இடங்கள் ஏலத்தில் விடப்படுகின்றன; அவற்றில் பெரும்பாலானவற்றைப் பிடித்திருப்பவை ஹிந்திச் சானல்களே. பொதிகை என்று நாம் பழகிய நிலையம் 2024 ஜனவரியில் டி.டி. தமிழ் என்ற புதுப் பெயரோடு வந்தது. அது இலவசமாகக் கிடைக்கிறது. கல்விச் சானல்களும் உண்டு. இருந்தாலும் வட இந்தியக் கிராமத்தான் காசு கொடுக்காமல் அனுபவிக்கும் வகையும் தொகையும் திருத்தணிக் கிராமத்தானுக்குத் தன் மொழியில் கிடைப்பதில்லை. 1975-ல் தமிழுக்கு இடம் இல்லாமற் போனதற்கு ஒரே ஒரு கோள், அதுவும் இரவல் என்று சமாதானம் சொல்லலாம். இன்று கோள்கள் நம்முடையவை. இப்போது என்ன சமாதானம்?

பழைய மீன்முள் ஆன்டெனாவையும் இனி நம்ப முடியாது. தரைவழி அனலாக் ஒளிபரப்பைப் பிரசார் பாரதி படிப்படியாக நிறுத்திக்கொண்டு வந்தது. 2022-க்குள் முக்கியமான சில இடங்களைத் தவிர மற்ற நிலையங்களெல்லாம் மூடப்பட்டன. ஆகவே கிராமத்து ஏழைக்குக் காசில்லாமல் டெலிவிஷன் வர மிஞ்சிய பிரதான வழி இந்த இலவசத் தட்டு ஒன்றே. ஒரே வழியாகிவிட்டபோது அதை நேர்மையாகப் பங்கிடும் பொறுப்பும் கூடுகிறது.

மழை வந்தால் மறைகிறது

இயற்கையும் தன் பங்குக்குத் தொல்லை கொடுக்கிறது. சிறிய தட்டுக்கு வரும் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். கனத்த மழைத்துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது, புயல் எங்கே கரை கடக்கிறது என்று பார்க்கலாம் என்றால், திரையில் ‘சிக்னல் இல்லை’ என்றுதான் வருகிறது. 2016 டிசம்பரில் வர்தா புயலையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் கண்ட ஜில்லா இது. குடை தேவைப்படும் நேரத்தில் மட்டும் விரிய மறுக்கும் குடையைப்போல் டிஷ் நடந்துகொள்கிறது.

இன்னொரு சிறு வேடிக்கையும் உண்டு. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்களுக்கு, முற்பகல் பதினொரு மணியை ஒட்டி, மேலே சொன்ன கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நிற்கும். சூரியனின் இரைச்சலில் கோளின் குரல் அமுங்கிப்போகும். சில நிமிஷங்களில் தானே சரியாகிவிடும். இது தெரியாமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காசு கொடுக்க வேண்டாம்.

பெரிய விபத்து ஒன்றும் நடந்தது. 2010 ஜூலையில் இன்சாட்-4பி கோளில் மின்சாரக் கோளாறு ஏற்பட்டு, அதன் கருவிகளில் பாதியை நிறுத்த நேர்ந்தது. அந்தக் கோளை நம்பியிருந்த சன் டைரக்ட் சந்தாதாரர்களின் வீடுகளில் படம் நின்றது. பிறகு அந்த நிறுவனம் மலேசியாவின் மீசாட் கோளுக்கு மாறியது. கோளின் இடம் மாறவே, தட்டுகளையும் வீடு வீடாகத் திருப்பவேண்டியதாயிற்று. வானத்தில் ஒரு கோளாறு வந்தால் லட்சக்கணக்கான மாடிகளில் ஏணி வைத்து ஏறவேண்டும் என்பதை அன்று கண்டோம்.

செய்யவேண்டியவை

ஆகவே சில யோசனைகளைச் சொல்கிறோம்.

முதலாவது, பிரசார் பாரதி இலவச டிஷ்ஷில் ஒவ்வொரு மொழிக்கும் நியாயமான எண்ணிக்கையில் இடம் ஒதுக்க வேண்டும். அதிக விலை கேட்டவருக்கே இடம் என்று ஏலம் விட்டால், அதிகப் பேர் பேசும் மொழிதான் எப்போதும் ஜெயிக்கும். பொதுச் சொத்தைப் பங்கிடும் முறை அதுவல்ல.

இரண்டாவது, கல்வி. 2019 ஆகஸ்டில் தமிழக சர்க்கார் கல்வித் தொலைக்காட்சியை ஆரம்பித்தது. 2020-ல் தொற்று நோயால் பள்ளிகள் மூடியபோது பாடம் அதன் வழியே வந்தது. இத்தகைய சானல் தட்டு வைத்த வீட்டுக்கு வருமா, வராதா என்பது கம்பெனியின் தயவில் இருக்கக்கூடாது. எல்லா டிஷ்ஷிலும், எல்லாக் கம்பியிலும், கட்டணமின்றி அது வரவேண்டும். எல்லைப்புறத்தில் தெலுங்கு வழியில் படிக்கும் பிள்ளைகளையும் மறக்கக்கூடாது.

மூன்றாவது, பெட்டியின் பூட்டைத் திறக்க வேண்டும். இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. டிஷ் வாங்கியை உள்ளேயே வைத்து டெலிவிஷன் செய்வதற்கான தரவிதியை இந்தியத் தர நிர்ணய அமைப்பு வகுத்து 2023 ஜனவரியில் வெளியிட்டது. அத்தகைய டெலிவிஷனை ஒரு தட்டோடு இணைத்தால் தனிப் பெட்டி இல்லாமலே இலவசச் சானல்களைப் பார்க்கலாம். புது டெலிவிஷன் வாங்கப் போகிறவர்கள், "உள்ளே சாட்டிலைட் டியூனர் இருக்கிறதா?" என்று கடையில் ஒரு வார்த்தை கேட்கட்டும். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குக் கடைக்காரரே சொல்லுவார்.

நான்காவது, குடித்தனக்காரர்களுக்கு. தட்டைச் சுவரில் உறுதியாகப் பொருத்துங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் திருகாணிகளைச் சரிபாருங்கள். பறந்து வரும் தட்டு அரிவாளுக்குச் சமம். இடி மழை தொடங்குமுன்பே டெலிவிஷனின் மின் இணைப்பையும் தட்டிலிருந்து வரும் கம்பியையும் கழற்றி வையுங்கள். மழை நாளுக்கென்று பாட்டரியில் ஓடும் ஒரு சிறு ரேடியோ வீட்டில் இருக்கட்டும். அது பழைய சாமான்தான். ஆனால் மழைக்குப் பயப்படாது.

ஐந்தாவது, உபயோகமற்ற தட்டுகளையும் பெட்டிகளையும் கம்பெனிகளே திரும்பப் பெற்றுக்கொள்ளட்டும். வைக்க வரத் தெரிந்தவர்களுக்கு எடுக்க வரவும் தெரியவேண்டும்.

காலம் கடந்துவிட்டதா?

எல்லாம் கைப்பேசியில் வரும்போது டிஷ் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. காசு கட்டும் டிஷ் சந்தாதாரர்கள் 2021-ல் ஏறத்தாழ ஏழு கோடி இருந்தார்கள். 2025-ல் ஆறு கோடிக்கும் கீழே வந்துவிட்டார்கள். ஆனால் கைப்பேசிப் படத்துக்கும் மாதா மாதம் பணம் கட்டியாக வேண்டும். அதோடு கைப்பேசியில் ஒருவர்தான் பார்க்கலாம். கரும்பு வெட்டிவிட்டு வந்தவரும், விசைத்தறியை நிறுத்திவிட்டு வந்தவரும், பாட்டியும் பேரனும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே செய்தியைக் கேட்பதற்குக் கூடத்தில் இருக்கும் பெட்டிதான் இன்னும் வசதி. அன்றாட வருமானத்தில் ஓடும் குடும்பத்துக்கு ஒரு தடவை வாங்கிய இலவசத் தட்டைப்போல் சிக்கனமான சாதனம் வேறில்லை. போகிறவர்கள் போகட்டும்; போக வசதி இல்லாதவர்களுக்கு இருக்கிற வழியை அடைத்துவிடக்கூடாது என்பதே நம் கவலை.

சத்திரம் என்று பெயர் வைத்த ஊர்கள் நம் நாட்டில் ஏராளம். வழிப்போக்கன் யார், எந்த ஊர், கையில் காசு உண்டா என்று கேளாமல் திண்ணையும் தண்ணீரும் கொடுத்த தர்மத்தின் ஞாபகம் அந்தப் பெயர்களில் இருக்கிறது. வானலையும் அப்படிப்பட்ட சத்திரமாக இருக்கவேண்டும். உள்ளே விசேஷச் சாப்பாடு வேண்டுகிறவர்கள் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் செய்தியும், பாடமும், புயல் எச்சரிக்கையும் அவரவர் தாய்மொழியில், கனகம்மாசத்திரத்துக் கடைசி வீட்டுக்கும் காசில்லாமல் கிடைத்தாக வேண்டும். கோளை ஏவத் தெரிந்த தேசத்துக்கு இதைச் செய்யத் தெரியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். மனம் இருக்கிறதா என்பதே கேள்வி.